ஹேங்கர் மூலையில் காத்திருக்கும் இன்ஜின்: வாசகர் கேள்வி – பதில்

முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் முடிந்து வந்த விமான இன்ஜினை, விமானத்தில் பொருத்தும் நாள் வரை எப்படி வைத்திருப்பது என்பது பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டவர்களில் பயிற்சிப் பள்ளி ஊழியர்களும் உண்டு, பராமரிப்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களும் உண்டு, விமானத்தை வானில் மட்டுமே பார்த்தவர்களும் உண்டு. பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பயிற்சிப் பள்ளியின் பழைய செஸ்னா 172 விமானத்துக்கான லைகமிங் ஓ-320 இன்ஜின் ஓவர்ஹால் முடிந்து வந்துவிட்டது. ஆனால் விமானத்தின் இறக்கையில் செய்ய வேண்டிய பழுதுவேலை முடிய எட்டு மாதமாவது ஆகும். "புதிது போலத்தானே வந்திருக்கிறது, பெட்டியோடு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வைத்துவிட்டால் போதாதா?" என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன பதில் சொல்வது? (சென்னை)

புதிது போல வந்திருக்கிறது என்பதுதான், ஐயா, கவலைப்பட வேண்டியதற்கான காரணமே. ஓடிப் பழகிய இன்ஜினின் சிலிண்டர் சுவரில் எண்ணெய் சூடேறிச் சூடேறி மெல்லிய வார்னிஷ் போன்ற படலமாகப் படிந்திருக்கும். தோசைக்கல் பழகுவதைப் போன்றது அது. பழகிய கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் எளிதில் துருப்பிடிக்காது. புதுக் கல்லை ஓரிரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும். ஓவர்ஹாலின்போது சிலிண்டரின் உட்சுவரை ஹோனிங் செய்து, அதாவது உரசித் தேய்த்து, எண்ணெய் நிற்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமான நுண்கீறல்களைப் போட்டுவிடுகிறார்கள். பழைய படலம் அத்தோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பச்சை எஃகு. லைகமிங் நிறுவனம் இன்ஜின் பாதுகாப்புக்கென வெளியிட்டுள்ள எல்180 என்னும் சேவைக் கடிதத்தில், ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் புது இன்ஜின் இரண்டே நாள் ஓடாமல் நின்றாலும் சிலிண்டர் சுவரில் துரு தொடங்கிவிடுவதைக் கண்டிருப்பதாக எழுதியிருக்கிறது. குறுகிய காலத்தில் 50 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடிய இன்ஜின், சூழல் சாதகமாக இருந்தால் சில வாரங்கள் தாங்கும் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இரண்டு நாள் எங்கே, எட்டு மாதம் எங்கே? நிர்வாகத்திடம் இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, இன்ஜின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைப் பற்றியது. ஓவர்ஹால் முடிந்த இன்ஜினை டெஸ்ட் ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியே போய்விடும் என்றாலும், பிஸ்டன் ரிங்குகள் இன்னும் படியாத புது சிலிண்டரில் ஒரு பகுதி கீழே கசிந்து, சிலிண்டர்கள் பொருந்தியிருக்கும் நடுக்கூடான கிராங்க்கேஸுக்குள் நுழைந்து, எரிதலின் அமிலக் கழிவுகளோடு சேர்ந்து எண்ணெயில் கலந்துவிடுகிறது. இன்ஜினை நிறுத்தியதும் அந்த ஆவி குளிர்ந்து உள்சுவர்களில் வியர்வையாக நிற்கும். ஆகவே துருவுக்கு எதிரான வேலை, உங்கள் ஹேங்கருக்குப் பெட்டி வந்து சேர்ந்த நாளில் தொடங்குவதன்று. டெஸ்ட் ஸ்டாண்டில் இன்ஜின் கடைசியாக நின்ற அந்த மணி நேரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

லைகமிங் வகைக்கென்றே இன்னொரு பலவீனம் உண்டு. இந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே, கிராங்க்கேஸின் உச்சியில் இருக்கிறது. ஓடும்போது கீழிருந்து தெறிக்கும் எண்ணெயில் அது நனைந்துகொண்டே இருக்கும். நின்றபின் எண்ணெய் வடிந்து கீழே போய்விட, முதலில் காய்வதும் அதுவே. கான்டினென்டல் நிறுவனத்தின் ஓ-200, ஓ-470 போன்றவற்றில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே இருப்பதால் அந்த வகையில் அவை சற்றுப் பாக்கியசாலிகள். கேம்ஷாஃப்டின் புடைப்பான கேமின் முனையும், வால்வைத் தள்ள அது தொடும் டேப்பெட்டின் முகமும் மிகச் சிறிய பரப்பில் மிகப் பெரிய அழுத்தத்தைத் தாங்குபவை. அங்கே ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தாலும், இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அந்தக் குழியின் விளிம்பு உதிர, உதிர்ந்த துகள் பக்கத்தைத் தேய்க்க, சில நூறு மணி நேரத்துக்குள் எண்ணெய் ஃபில்டரில் இரும்புத் தூள் மின்னும். அப்போது யாரும் ஹேங்கர் மூலையில் கிடந்த எட்டு மாதத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. ஓவர்ஹால் செய்தவரைத்தான் திட்டுவார்கள்.

எனவே, முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேல்பக்க ஸ்பார்க் பிளக் துளைகளில் நீல நிற மணிகள் தெரியும் கண்ணாடி போன்ற பிளக்குகள் இருந்தால், நீண்டகாலச் சேமிப்புக்கு ஆயத்தம் செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அவற்றோடு பாதுகாப்பு எண்ணெயின் வகையும் நாளும் எழுதிய அட்டையும் இருக்க வேண்டும். சாதாரண ஸ்பார்க் பிளக்குகளும், துளைகளில் செருகிய பிளாஸ்டிக் மூடிகளும் மட்டுமே இருந்தால் அது பயணத்துக்கான கட்டுதானே தவிர, சேமிப்புக்கான கட்டு அன்று. அப்படியானால் இன்றே ஓவர்ஹால் நிலையத்தோடு எழுத்தில் பேசுங்கள்.

கேள்வி: இன்ஜின் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிட வேண்டும் என்று மூத்த மெக்கானிக் ஒருவர் சொன்னார். சரியா? (தூத்துக்குடி)

தவறு, அதுவும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில், ஹேங்கரில் 14 மாதம் கிடந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். மரப்பெட்டியின் மேல்பலகை பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலையில் ஊதுபத்திச் சாம்பல். அங்கிருந்த காவலாளி, வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து, புரொப்பெல்லர் பொருத்தும் ஃபிளாஞ்சை இரு கைகளாலும் பிடித்து, எண்ணி நான்கு சுற்று சுற்றிவிட்டு மூடுவாராம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்று பெருமையோடு சொன்னார். துளை வழியே உள்ளே பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பை உள்ளே விட்டபோது சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் ஒவ்வொரு முறையும் வந்து நின்ற உயரங்களில் பழுப்பு வளையங்கள், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலத் தெரிந்தன. கிராங்க்கேஸைப் பிரித்தபோது இரண்டு டேப்பெட்டுகளின் முகத்தில் கடுகைத் தூவினாற்போலக் குழிகள். ஒரு மணி நேரம்கூடப் பறக்காத இன்ஜின் மீண்டும் முழுவதுமாகப் பிரிக்கப்பட்டது. அந்தக் காவலாளியின்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ.

நடந்தது இதுதான். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலத்தை, ஒவ்வொரு சுற்றிலும் ரிங்குகள் வழித்து எடுத்துவிடுகின்றன. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் டேப்பெட்டும் கேமின் முகத்தில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுகிறது. ஓடும் இன்ஜினில் துடைத்த இடத்துக்கு உடனே புது எண்ணெய் தெறித்து வந்து சேரும். கையால் சுற்றும் வேகத்தில் எதுவும் தெறிக்காது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தாலே சிலிண்டரும் கேமும் எண்ணெயற்று நிற்கும் என்பது லைகமிங்கின் நிலைப்பாடு.

உங்கள் மூத்த மெக்கானிக் இதைக் கனவில் கண்டு சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கான்டினென்டல் நிறுவனத்தின் வழிகாட்டுதலில், பறக்கும் நிலையிலேயே சில வாரங்கள் மட்டும் நிறுத்தி வைக்கப்படும் விமானங்களுக்கு, ஏழு நாளுக்கு ஒருமுறை புரொப்பெல்லரை ஆறு சுற்று சுற்றி, முன்பு நின்ற கோணத்திலிருந்து விலக்கி நிறுத்தும்படி ஒரு குறிப்பு இருந்தது. ஒரு நிறுவனத்தின் இன்ஜினுக்கு, ஒரு குறிப்பிட்ட நிலைமைக்குச் சொன்னது, வாய்மொழியாகப் பரவி எல்லா இன்ஜினுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவிதியாகிவிட்டது. நீண்டகாலப் பாதுகாப்பு செய்து முடித்த இன்ஜினை, அது எந்த நிறுவனத்தினுடையதாயினும், சுற்றக் கூடாது. "சுற்றாதீர்கள்" என்று ஃபிளாஞ்சிலேயே ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள்; தமிழிலும் எழுதிக் கட்டுங்கள்.

கேள்வி: நீண்டகாலச் சேமிப்புக்கான ஆயத்தம் என்றால் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள்? எங்கள் பாடப்புத்தகத்தில் நான்கு வரிதான் இருக்கிறது. (பராமரிப்புப் பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

லைகமிங் பிஸ்டன் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் கையேட்டைப் பாருங்கள், அம்மா. தேர்வில் எழுதுவதானாலும் கையேட்டின் பெயரைச் சொல்லி எழுதுவதே முறை.

ஓட்டிப் பார்த்த எண்ணெயைச் சூட்டோடு வடித்துவிட்டு, பாதுகாப்பு எண்ணெயை ஊற்றுகிறார்கள். அரிப்புத் தடுப்புச் செறிவு ஒரு பங்கு, மினரல் விமான எண்ணெய் மூன்று பங்கு என்பது வழக்கமான கலவை. அதன்பின் இன்ஜினை மீண்டும் ஓட்டி, எண்ணெயின் வெப்பம் 82 டிகிரி செல்சியஸை எட்டும் வரை நிறுத்தாமல் வைக்கிறார்கள். வெறும் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் உள்ளே ஈரத்தைச் சேர்த்ததுதான் மிச்சம். சூடு ஏறினால்தான் அந்த ஈரம், கிராங்க்கேஸின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறும்.

நிறுத்தியபின் மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் அடிநிலைக்குக் கொண்டுவந்து, சூடாக்கிய அதே கலவையைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். எல்லாச் சிலிண்டர்களும் முடிந்தபின் கிராங்க்ஷாஃப்டைச் சுற்றாமல் இன்னொரு சுற்றுத் தெளிப்பு. ஒரு சிலிண்டருக்கு மொத்தம் 60 மில்லி அளவு. நல்ல சமையற்காரர் இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஊற்றிவிட்டு நகர்ந்துவிட மாட்டார், விரல் விளிம்பு வரை போய் வரும். இந்தத் தெளிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்: முனையை மேலும் கீழும் நகர்த்தி, சுவர் முழுவதும் படும்படி.

பிறகு மேல் துளைகளில் டிஹைட்ரேட்டர் பிளக்குகள் ஏறுகின்றன. இவை 18 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் மரையிலேயே பொருந்தும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய ஒளிபுகும் குப்பிகள்; ஈரம் ஏறினால் நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். இன்ஜின் ஆறுவதற்குள் எக்ஸாஸ்ட் துளைகளில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அந்தத் துளைகளையும், இன்டேக், பிரீதர் உள்ளிட்ட எல்லா வாய்களையும் ஈரம் புகாத மூடியாலும் நாடாவாலும் அடைக்கிறார்கள். அடைத்த ஒவ்வோர் இடத்திலும் வெளியே தொங்கும்படி சிவப்புத் துணிப்பட்டை ஒன்று கட்டப்படும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்க விடக் கூடாது. அதை வடித்துக் கழுவி, கையேடு சொல்லும் மெல்லிய எண்ணெயால் நனைத்து மூடுவார்கள்.

அதோடு முடிவதில்லை. 15 நாளுக்கு ஒருமுறை டிஹைட்ரேட்டர் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர்களுக்குள் மீண்டும் தெளிக்க வேண்டும். அப்படித் தெளிக்கும் முன் ஒரு சிலிண்டரையாவது போர்ஸ்கோப்பில் பார்த்துவிடுவது என் வழக்கம். துரு தொடங்கிய சுவரின்மேல் எண்ணெயைப் பூசி மறைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

கேள்வி: இன்ஜினை பாலித்தீன் உறையால் நன்றாகச் சுற்றிக் கட்டிவிட்டால் போதுமா? (விழுப்புரம்)

சாதாரண பாலித்தீன் தூசியைத் தடுக்கும், ஈரத்தைச் சிறைப்பிடிக்கும். பகலில் தகரக் கூரையின் கீழ் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து ஏதோ ஓர் இடுக்கில் வெளியேறும். இரவில் சுருங்கும்போது அதே இடுக்கு வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். இப்படி நாள்தோறும் ஒரு மூச்சு. உள்ளே போன ஈரம் மட்டும் வெளியே வர வழியறியாது. உறை போடுவதானால் அலுமினியத் தாள் உட்படப் பல அடுக்குகள் கொண்ட ஈரத்தடுப்பு உறையை வாங்கி, விளிம்புகளைச் சூட்டால் ஒட்டி, உள்ளே போதிய சிலிக்கா ஜெல் பைகளையும், நிறம் மாறிக் காட்டும் ஈரமானி அட்டையையும் வைத்து, அந்த அட்டையை வெளியிலிருந்து பார்க்க ஒரு சாளரமும் விட வேண்டும். சிலிக்கா ஜெல் பை நேரடியாக உலோகத்தைத் தொடாதபடி வையுங்கள். மரப்பெட்டியின் மரம் நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரம் ஈரத்தோடு அமில ஆவியையும் விடும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் எந்தக் குழாய் வாயும் குளவிக்குக் கட்டி முடித்த வீடு. பிரீதர் குழாயில் களிமண் கூடு இருப்பது தெரியாமல் இன்ஜினை ஓட்டினால், வெளியேற வழியில்லாத அழுத்தம் முன்பக்க எண்ணெய் சீலைத் தள்ளிவிடும். எலிக்கும் இதே பாடம்.

கேள்வி: குளிர்சாதன அறையில் வைத்தால் ஈரப்பதம் குறைவுதானே? எங்களிடம் அப்படி ஓர் அறை காலியாக இருக்கிறது. (சென்னை, இன்னொரு வாசகர்)

வைக்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்.

இரும்பு துருப்பிடிக்கும் வேகம், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது சட்டென்று ஏறுகிறது. அதனால்தான் சேமிப்பில் 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க முயல்கிறோம். குளிர்சாதனக் கருவி இடைவிடாமல் ஓடினால் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றும் என்பது உண்மைதான். மாலை ஆறு மணிக்கு அணைத்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் போடும் அலுவலக அறையானால், இரவெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்திருக்கும் இரும்பில் படியும். அப்படிப்பட்ட அறையைவிட வெப்பம் அதிகம் மாறாத சாதாரண அறையே மேல்.

இரண்டாவது, இன்ஜினை வெளியே எடுக்கும் நாள். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின்மேலும் பனி கோக்கும். மோர்ப்பானையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்ததில்லையா? 22 டிகிரி அறையிலிருந்து 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்ஜினை நேராக வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், அத்தனை இரும்பும் அலுமினியமும் சூடேறும் வரை, மணிக்கணக்கில் அது வியர்த்துக்கொண்டே இருக்கும். உறையைப் பிரிக்காமல், அடைப்புகளை எடுக்காமல், ஒரு நாள் முழுவதும் வெளி வெப்பத்துக்குப் பழகவிட்டு அதன்பின் திறங்கள்.

கேள்வி: இளஞ்சிவப்பாக மாறிய சிலிக்கா ஜெல்லை வறுத்து மீண்டும் பயன்படுத்தலாமா? வீட்டு ஓவன் போதுமா? (சேலம்)

பயன்படுத்தலாம். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்வாங்கக்கூடியது. 120 டிகிரி அளவில் சில மணி நேரம் பரப்பி வைத்தால் அந்தத் தண்ணீர் வெளியேறி நீல நிறம் திரும்பும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் நிறம் காட்டும் வேதிப்பொருள் கெட்டு, ஈரமிருந்தும் நிறம் மாறாத பொய்ச் சாட்சியாகிவிடும். அந்த நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள். ஆகவே கேக் சுடும் ஓவனில் வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை இப்போது கிடைக்கிறது, நிறங்களைக் குழப்பிக்கொள்ளாதபடி பெட்டியின்மேல் எழுதி வையுங்கள்.

எல்லா மணிகளும் இளஞ்சிவப்பாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பிளக் மாறிவிட்டாலே அந்த இன்ஜினில் இருக்கும் எல்லா ஜெல்லையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டு வாரத்துக்குள் மாறிவிடுகிறது என்றால் ஜெல்லைக் குறை சொல்லாமல் எங்கோ ஓர் அடைப்பு சரியில்லை என்று தேடுங்கள்.

கேள்வி: டர்பைன் இன்ஜின்களுக்கும் இதே விதிகளா? (பெங்களூரு)

நோக்கம் அதுவே, வழி வேறு. செஸ்னா கேரவான், கிங் ஏர் போன்றவற்றில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 இன்ஜினுக்கு, ஓடாமல் நிற்கும் காலத்தை ஏழு நாள், 28 நாள், 90 நாள் என்று படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வேலையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முதலில் வாய்களை மூடுவது, பிறகு ஈரம் உறிஞ்சும் பைகளை வைப்பது, அதன்பின் எரிபொருள் அமைப்புக்குள் மெல்லிய பாதுகாப்பு எண்ணெயைச் செலுத்தி எரிபொருளை வெளியேற்றுவது என்று அது போகும்.

பெரிய ஜெட் இன்ஜின்களில் துருவுக்கு இணையான இன்னொரு பகை அதிர்வு. சுழலாமல் நிற்கும் ரோட்டரின் எடை முழுவதும் பேரிங்கின் அதே சில உருளைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் சாதாரண லாரியில் கொண்டுபோனால், அந்த உருளைகள் பாதையின்மேல் நுணுக்கமாக உரசி உரசித் தழும்பு போட்டுவிடும். அதனால்தான் அவற்றை அதிர்வு தாங்கிகள் கொண்ட ஸ்டாண்டில் ஏற்றி, காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். ஓயாமல் அதிரும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் இன்ஜினை நிறுத்தி வைப்பதும் கூடாது.

கேள்வி: காகித வேலை என்னென்ன? (திருச்சி)

ஓவர்ஹால் நிலையம் தந்த வெளியீட்டுச் சான்றிதழ் முதலில். இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிஏ படிவம் 1, அமெரிக்காவிலிருந்து வந்தால் 8130-3 என்னும் படிவம், ஐரோப்பாவிலிருந்து வந்தால் அங்குள்ள அமைப்பான ஈயாசாவின் படிவம் 1. இன்ஜின் லாக்புக்கில் பாதுகாப்பு செய்த நாள், எண்ணெயின் வகை, அடுத்த தெளிப்புக்கான நாள் ஆகியவை ஏறியிருக்க வேண்டும். 15 நாள் சோதனைகளைக் கையொப்பத்தோடு தனித்தாளில் எழுதி லாக்புக்கோடு வைத்துக்கொள்ளலாம். எட்டு மாதம் கழித்து, இன்ஜின் எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நாள்காட்டியையும் மறக்காதீர்கள். மணிக்கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் 12-ஆம் ஆண்டில் ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது லைகமிங்கின் பரிந்துரை. ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. அவை பெட்டிக்குள் இருந்தாலும் மூப்படைகின்றன.

கேள்வி: எட்டு மாதம் கழித்து இன்ஜினைப் பொருத்தப் போகிறோம். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? (முதல் கேள்வியைக் கேட்ட சென்னை வாசகரே)

ஓவர்ஹால் நிலையத்தின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் பைகள் எத்தனை என்று அட்டையில் இருக்கும். வெளியே வந்த பைகளை ஒரு தட்டில் அடுக்கி அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பை குறைந்தால் அது கிடைக்கும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. எக்ஸாஸ்ட் துளையில் மறந்துபோன பையை நான் என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

அடுத்து, மேல் கீழ் இரு பக்க ஸ்பார்க் பிளக் துளைகளையும் திறந்துவிட்டு, இப்போதுதான், முதல்முறையாக, கையால் சுற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய பாதுகாப்பு எண்ணெய் கீழ்த் துளை வழியே வடிந்துவிட வேண்டும். எண்ணெய் காற்றைப்போல் அழுந்திக் கொடுக்காது. அது உள்ளே இருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட்டரைப் போட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வடிந்தபின் நான்கு சிலிண்டர்களையும் போர்ஸ்கோப்பில் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பாதுகாப்பு எண்ணெயை வடித்துவிட்டு, ஃபில்டரையும் சல்லடையையும் பார்த்துவிட்டு, புது இன்ஜின் ஓடிப் பழகும் பிரேக்-இன் காலத்துக்கு உரிய மினரல் எண்ணெயை ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாட்டுவதற்கு முன்பே ஸ்டார்ட்டரால் சுழற்றி எண்ணெய் அழுத்தத்தை வரவழைக்க வேண்டும். லைகமிங் கேட்பது குறைந்தது 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு). 10, 15 வினாடிக்குள் முள் எழும்பவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். எண்ணெய் பம்பில் காற்று சிக்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தரையில் நீண்ட நேரம் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்குச் சிறிது நேரம் ஓட்டுவது போதும். ரிங்குகள் சிலிண்டரில் படிவதற்கு உயர் சக்தியில் பறப்பதுதான் வேண்டும், தரையில் காற்றோட்டம் போதாமல் சூடேறினால் அந்தப் புது சுவர் கண்ணாடிபோல் வழுக்கலாகிவிடும். முதல் 25 மணி நேரத்தில் எண்ணெயை மாற்றும்போது, ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை அதன்மேல் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஒட்டியது என்று எனக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.